எல்லை கடக்கும் அறிவு: அயல்நாடு செல்லும் ஆய்வாளர் அறிய வேண்டிய ஏற்றுமதி நெறிகள்

முன்னுரை

தலைவன் பிரிந்து செல்வதற்குரிய காரணங்களுள் ஓதலையும் ஒன்றாக வைத்தது தொல்காப்பியம். கல்வியின்பொருட்டு ஊர்விட்டு ஊர் செல்வது தமிழர்க்குப் புதிதன்று. ஆயினும் அன்று ஓதச் சென்றவன் தன் நெஞ்சில் இருந்ததை மட்டுமே எடுத்துச் சென்றான். இன்று செல்பவரோ மடிக்கணினியிலும், விரலளவு நினைவகத்திலும், பெட்டிக்குள் பொதிந்த மாதிரிக் குப்பிகளிலும் தம் ஆய்வை உடன்கொண்டு செல்கின்றார். அவ்வாறு கொண்டுசெல்வனவற்றுள் சில, நாட்டின் எல்லையைக் கடக்கும்போது அரசின் முன்னனுமதி பெற வேண்டியவை என்பதைப் பலர் அறியார்.

தருமபுரி மாவட்டத்தின் சிற்றூர்களிலிருந்து பெங்களூருக்குப் படிக்கச் சென்று, அங்கிருந்து செருமனிக்கும் அமெரிக்காவுக்கும் ஆய்வுக்குச் செல்லும் இளைஞர்கள் இன்று உளர். பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாக வானூர்தி ஏறுபவர்கள். வழிசொல்ல வீட்டில் எவரும் இலர். அத்தகையோரை மனத்திற்கொண்டு, ஏற்றுமதிக் கட்டுப்பாடு என்பது யாது, அது ஏன் தோன்றிற்று, ஆய்வாளர் எவ்வாறு அதற்கேற்ப நடந்துகொள்ள வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது.

பாராமகாலும் ஏவுகணையும்

இன்றைய தருமபுரி, கிருட்டிணகிரிப் பகுதிகள் பதினெட்டாம் நூற்றாண்டில் பாராமகால் என வழங்கப்பெற்றன. ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் ஆட்சியில் இருந்த இப்பகுதி, 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி ஆங்கிலேயரின் கைக்கு மாறியது. அக்காலத்து மைசூர்ப் படையில் தனிச்சிறப்புடன் விளங்கியது ஏவுகணைப் பிரிவாகும். ஐரோப்பியர் அட்டையாலும் தாளாலும் குழாய் செய்துகொண்டிருந்த நாளில், மைசூர்க் கைவினைஞர் இரும்புக் குழாயில் மருந்தை அடைத்தனர். குழாய் வலுப்பெற்றமையால் அழுத்தம் மிகுந்தது. அதனால் பாயும் தொலைவும் மிகுந்தது. 1780-ஆம் ஆண்டு காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் நிகழ்ந்த போரில் அவ்வேவுகணைகளின் ஆற்றலை ஆங்கிலேயர் நேரிற் கண்டனர்.

1799-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. கைப்பற்றப்பட்ட ஏவுகணைகளுள் சில, இங்கிலாந்தின் ஊல்விச் படைக்கலச் சாலைக்கு அனுப்பப்பட்டன. வில்லியம் காங்கிரீவ் என்பார் அங்கு ஆய்வு செய்து தம் பெயரால் வழங்கும் ஏவுகணையை உருவாக்கினார். 1807-இல் கோபன்கேகன் நகரின்மீதும், 1814-இல் அமெரிக்காவின் பால்டிமோர்க் கோட்டையின்மீதும் அவை ஏவப்பட்டன. தெற்கே தோன்றிய ஒரு தொழில்நுட்பம், எவருடைய அனுமதியும் இன்றிப் பதினைந்து ஆண்டுகளுக்குள் இரு கண்டங்களைக் கடந்துவிட்டது.

இதன் தொடர்ச்சியை இராமேசுவரத்துத் தமிழர் ஒருவர் கண்டார். 1960-களின் தொடக்கத்தில் பயிற்சிக்காக அமெரிக்கா சென்ற ஆ. ப. ஜெ. அப்துல் கலாம், வாலப்ஸ் தீவு ஏவுதளத்தின் வரவேற்புக் கூடத்தில் ஓர் ஓவியத்தைக் கண்டதாகத் தம் தன்வரலாற்றில் குறிப்பிடுகின்றார். அது திப்புவின் படை ஆங்கிலேயரை ஏவுகணைகளால் எதிர்த்த காட்சி. சொந்த நாட்டில் மறக்கப்பட்ட ஒருவரின் அறிவுக்கு அயல்நாட்டில் மதிப்பளித்திருந்தமை அவரை நெகிழச் செய்தது. ஓர் ஆய்வாளரின் அயல்நாட்டுப் பயணம் எத்தகைய பயன் தரும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

திறந்த கதவும் மூடிய கதவும்

கலாம் சென்ற காலம் கதவு திறந்திருந்த காலமாகும். 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் தும்பாவிலிருந்து எழுந்த முதல் ஏவூர்தி, அமெரிக்கா அளித்த நைக்கி-அப்பாச்சி ஆகும். கால் நூற்றாண்டுக்குள் நிலைமை மாறியது. ஏழு தொழில்வள நாடுகள் 1987-ஆம் ஆண்டு ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு நெறி என்னும் ஏற்பாட்டை வகுத்தன. 500 கிலோ எடையை 300 கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுசெல்லவல்ல ஏவுகணைகளையும் அவற்றுக்கான தொழில்நுட்பத்தையும் பிறருக்கு வழங்குவதில் கட்டுப்பாடு வந்தது. 

அந்நெறியின் கடுமையை இந்திய விண்வெளித் துறை விரைவிலேயே உணர்ந்தது. மிகு குளிரில் நீர்மமாக்கப்பட்ட ஐதரசனையும் ஆக்சிசனையும் எரிக்கும் கிரையோசெனிக் எந்திரத்தை, அதன் தொழில்நுட்பத்துடன் பெறுவதற்கு 1991-இல் சோவியத் நிறுவனமான கிளாவ்காசுமோசுடன் இந்தியா ஒப்பந்தம் செய்தது. 1992-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்கா இரு நிறுவனங்கள்மீதும் ஈராண்டுத் தடை விதித்தது. 1993-இல் உருசியா தன் நிலையை மாற்றிக்கொண்டு, ஆக்கி முடித்த எந்திரங்களைத் தர இசைந்ததேயன்றித் தொழில்நுட்பத்தைத் தர மறுத்தது. பின்னர் நம் அறிவியலாளர் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரி ஆய்வுத் தளத்தில் ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தாமே அதனை உருவாக்கினர். உள்நாட்டுக் கிரையோசெனிக் எந்திரம் கொண்ட ஏவூர்தி 2014-ஆம் ஆண்டு சனவரி 5-ஆம் நாள் வெற்றி கண்டது. 

ஐயத்தின் விலை

இவ்வரலாற்றில் நெஞ்சை வருத்தும் பக்கம் ஒன்று உண்டு. கிரையோசெனிக் திட்டத்தை வழிநடத்திய நாகர்கோவில் தமிழர் நம்பி நாராயணன், நாட்டின் ஏவூர்தி இரகசியங்களை அயலாருக்கு விற்றார் என்னும் குற்றச்சாட்டின்பேரில் 1994-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கேரளத்தில் கைது செய்யப்பட்டார். ஏறத்தாழ ஐம்பது நாள்கள் சிறையில் இருந்தார். 1996-இல் மத்தியப் புலனாய்வுத் துறை அக்குற்றச்சாட்டு பொய்யானது என அறிக்கை தந்தது. விற்றுவிட்டதாகக் கூறப்பட்ட கிரையோசெனிக் தொழில்நுட்பம் அப்போது இந்தியாவிடமே உருப்பெற்றிருக்கவில்லை. உச்சநீதிமன்றம் 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் அவருக்கு 50 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 2019-இல் பத்மபூசண் விருது வழங்கப்பெற்றது. இழந்த இருபத்து நான்கு ஆண்டுகளை எந்த விருதும் ஈடுசெய்யாது.

அவரிடத்துக் குறை இருந்தது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. தொழில்நுட்பத்தைச் சூழ்ந்து அச்சம் எழும் காலத்தில் குற்றமற்றவர்மீதும் ஐயம் படியக்கூடும் என்பதே நாம் அறிய வேண்டியது. எது அனுமதிக்கப்பட்டது, எது அனுமதிக்கப்படாதது என்னும் வரம்பு தெளிவாக இருப்பதும், தாம் செய்ததற்கு எழுத்துச் சான்று வைத்திருப்பதும் இத்தகைய நேரங்களில் ஆய்வாளருக்கு அரணாகும். ஏற்றுமதி நெறிகளை நாட்டின் காவலாக மட்டும் கருதுவது அரைகுறைப் பார்வை. நேர்மையான ஆய்வாளரின் காவலும் அவையே.

இரட்டைப் பயன்

கட்டுப்பாடு படைக்கலங்களுக்குத்தானே, பல்கலைக்கழக ஆய்வுக்கு ஏன் என வினவலாம். ஒரே பொருள் ஆக்கத்துக்கும் அழிவுக்கும் பயன்படுவதே இதற்குக் காரணமாகும். இவை இரட்டைப் பயன் பொருள்கள் எனப்படும்.

அக்கினி ஏவுகணைக்காக உருவாக்கிய எடை குறைந்த கலப்புப் பொருளைக் கொண்டு, இளம்பிள்ளைவாதத்தால் கால் நலிந்த சிறுவர்க்கு ஊன்றுசட்டம் செய்து தரப்பட்டதை அப்துல் கலாம் பல மேடைகளில் நினைவுகூர்ந்துள்ளார். பழைய உலோகச் சட்டத்தின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே புதியது இருந்தது. கால்களை இழுத்து இழுத்து நடந்த குழந்தைகள் ஓடியாடியதைக் கண்டு பெற்றோர் கண்ணீர் வடித்தனர். ஏவுகணைக்குரிய பொருள் குழந்தையின் காலுக்கு உதவியது. இதன் மறுதலையும் உண்மையே. எழுதுகோல் மையிலும் துணிச் சாயத்திலும் பயன்படும் தயோடைகிளைகால் என்னும் வேதிப்பொருளிலிருந்து கடுகு வாயு என்னும் கொடிய நச்சுப்படைக்கலம் செய்ய இயலும். ஈரான், ஈராக் போரில் வேதிப் படைக்கலங்கள் பயன்பட்டதைக் கண்ட பின்னரே, 1985-இல் ஆசுத்திரேலியக் குழு என்னும் கட்டுப்பாட்டு அமைப்பு தோன்றியது. பொருளைப் பார்த்து மட்டும் நல்லது கெட்டது கூறவியலாது. அது எவரிடம், எதன்பொருட்டுச் செல்கின்றது என்பதையும் நோக்க வேண்டும்.

இந்தியச் சட்டம் கூறுவன

கட்டுப்பாட்டுக்கு ஆளான நாடாக இருந்த இந்தியா, இன்று கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்கும் நாடுகளுள் ஒன்றாகும். 2016-இல் ஏவுகணைத் தொழில்நுட்ப நெறியிலும், 2017-இல் வாசனார் ஏற்பாட்டிலும், 2018-இல் ஆசுத்திரேலியக் குழுவிலும் இந்தியா உறுப்பு நாடாயிற்று. ஆதலின் பிறர் நமக்குச் செய்தது எனக் கருதிவந்த ஒன்று, நாம் செய்ய வேண்டிய கடமையாக மாறியுள்ளது.

இக்கடமைக்கு அடிப்படையான சட்டங்கள் இரண்டு. ஒன்று 1992-ஆம் ஆண்டின் அயல்நாட்டு வணிக வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டம். மற்றொன்று 2005-ஆம் ஆண்டின் பேரழிவுப் படைக்கலச் சட்டம். கட்டுப்பாட்டுக்குரிய பொருள்களின் பட்டியல் ஸ்கோமெட் என வழங்கும். சிறப்பு வேதிப்பொருள்கள், உயிரிகள், மூலப்பொருள்கள், கருவிகள், தொழில்நுட்பங்கள் ஆகியவற்றை 0 முதல் 8 வரை எண்ணிட்டு அப்பட்டியல் வகைப்படுத்துகின்றது. அணுத் தொடர்பான 0 வகைக்கு அணுசக்தித் துறையும், படைக்கலங்களுக்குரிய 6-ஆம் வகைக்குப் பாதுகாப்பு உற்பத்தித் துறையும், ஏனையவற்றுக்குப் பொதுவாக அயல்நாட்டு வணிகத் தலைமை இயக்குநரகமும் அனுமதி வழங்குகின்றன. நோய் நுண்ணுயிரிகள், நச்சுப்பொருள்கள், சில வகைக் கரியிழைகள், சில வகை வெப்பப் படக்கருவிகள், மறையீட்டு மென்பொருள்கள் எனப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் காணக்கூடியனவும் அப்பட்டியலில் உள்ளன.

ஈண்டு மூன்று செய்திகளை மாணவர் மனத்தில் இருத்துதல் வேண்டும்.

முதலாவது, ஏற்றுமதி என்பது கப்பலேறும் சரக்கை மட்டும் குறிப்பதன்று. 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் இந்தியாவிலிருந்து வெளியிடத்துக்கு எடுத்துச் செல்லுதல் என்றே அச்சொல்லை விளக்குகின்றது. விற்பனை நோக்கம் இல்லாமையால், கைப்பையில் வைத்திருப்பதால், திரும்பக் கொண்டுவரப் போவதால் ஒரு பொருள் ஏற்றுமதி ஆகாமற் போவதில்லை.

இரண்டாவது, பொருள் மட்டுமன்றித் தொழில்நுட்பமும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. வரைபடம், செய்முறை விளக்கம், மென்பொருள் ஆகியவற்றை மின்னஞ்சலில் அனுப்புவதும் எல்லை கடத்தலே.

மூன்றாவது, எல்லா அறிவும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதன்று. பொதுவெளியில் உள்ள செய்தியைச் சட்டம் கட்டுப்படுத்துவதில்லை. இதழில் வெளியான கட்டுரை, நூலகத்து நூல், வகுப்பறையில் கற்பிக்கும் பாடம் ஆகியவை குறித்து அஞ்ச வேண்டுவதில்லை. சட்டத்தின் நோக்கு, ஒன்றைச் செய்து முடிக்கத் தேவையான, வெளியிடப்படாத நுணுக்கங்கள்மீதே ஆகும். இவ்வேறுபாட்டை உணராதவர் இரு தவறுகளுள் ஒன்றைச் செய்வர். எதையும் பேசத் தயங்கி ஆய்வுறவை இழப்பர். அல்லது எதையும் எண்ணாது கொடுத்து இடர்ப்படுவர்.

பேராசிரியர் ஒருவரின் மடிக்கணினி

சென்று சேரும் நாட்டிலும் சட்டம் உண்டு. அமெரிக்காவின் டென்னசிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சான் ரீசு ராத் என்பாரின் வழக்கு இதற்குத் தக்க சான்றாகும். ஆளில்லா வானூர்திக்குரிய பிளாசுமாத் தொழில்நுட்பம் பற்றி அந்நாட்டு வான்படைக்காக அவர் ஆய்வு செய்துவந்தார். அவ்வாய்வில் சீன, ஈரானிய மாணவர் இருவரை ஈடுபடுத்தினார். 2006-இல் சொற்பொழிவாற்றச் சீனம் சென்றபோது ஆய்வுச் செய்திகள் அடங்கிய மடிக்கணினியை உடன்கொண்டு சென்றார். பல்கலைக்கழகத்தின் ஏற்றுமதி நெறி அலுவலர் முன்னரே எச்சரித்திருந்தார். 2008-இல் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. 2009-இல், எழுபது வயதைக் கடந்த நிலையில், நான்காண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 

இவ்வழக்கில் அயல்நாட்டு மாணவர்க்குப் படிப்பினை ஒன்று உண்டு. கட்டுப்பாட்டுக்குரிய தொழில்நுட்பத்தை அமெரிக்க மண்ணிலேயே அயல்நாட்டவர் ஒருவருக்கு வெளிப்படுத்தினாலும், அவருடைய நாட்டுக்கு ஏற்றுமதி செய்ததாகவே அந்நாட்டுச் சட்டம் கருதுகின்றது. ஆதலின் அங்குச் சேரும் நம் மாணவர், ஓர் ஆய்வகத்தின் கதவு தமக்குத் திறக்கப்படாவிடின் அதனைத் தனிப்பட்ட அவமதிப்பாகக் கொள்ள வேண்டா. தாம் சேரும் திட்டம், முடிவுகளைத் தடையின்றி வெளியிடக்கூடிய அடிப்படை ஆய்வா, கட்டுப்பாட்டுக்குரிய ஆய்வா என்பதை வழிகாட்டியிடம் முதல்நாளே கேட்டறிதல் நன்று. அடிப்படை ஆய்வுக்கு அந்நாடு விலக்கு அளித்துள்ளது.

விதையும் ஏடும்

படைக்கலத்தோடு தொடர்பற்ற ஆய்வாளரும் இந்நெறிகளிலிருந்து முற்றும் விலகியவர் அல்லர். தருமபுரி மாவட்டம் கேழ்வரகும் சாமையும் விளையும் மண். சித்தேரி மலையின் மூலிகைகளையோ, ஒரு சிற்றூரில் வழிவழியாகக் காத்துவந்த சாமை விதையையோ அயல்நாட்டு ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்ல விழையும் தாவரவியல் மாணவர், 2002-ஆம் ஆண்டு உயிரியற் பன்மயச் சட்டத்தை அறிந்திருத்தல் வேண்டும். இதற்குரிய தேசிய உயிரியற் பன்மய ஆணையம் சென்னையிலேயே உள்ளது. உயிரியல் வளத்தை ஆய்வுக்காக வெளிநாடு கொண்டுசெல்வதற்கும், ஆய்வு முடிவுகளை அயல்நாட்டவர்க்குக் கைமாற்றுவதற்கும் ஆணையத்தின் முன்னொப்புதல் தேவைப்படும். நெறிமுறைகளுக்கு உட்பட்டுக் கட்டுரை வெளியிடுவதும் கருத்தரங்கில் உரைப்பதும் கைமாற்றுதல் ஆகா. விதையைத் தலைமுறைகளாகக் காத்த உழவர்க்கு அதனால் விளையும் பயனில் பங்கு கிடைக்க வேண்டும் என்பதே இச்சட்டத்தின் அறமாகும். இதனைத் தவிரச் சேருமிடத்து நாடு தாவரநலச் சான்று கேட்கும் என்பதையும் மறத்தலாகாது.

தமிழாய்வாளர்க்கும் இதில் இடமுண்டு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டத்தின்படி, நூறாண்டுக்குக் குறையாத சிற்பம், கல்வெட்டு, நாணயம் முதலியனவும், அறிவியல், வரலாறு, இலக்கியம் ஆகியவற்றில் மதிப்புடைய, எழுபத்தைந்து ஆண்டுக்குக் குறையாத கையெழுத்துப்படிகளும் தொல்பொருள்களாகும். இவற்றை நடுவணரசும் அது அமர்த்திய அமைப்பும் அன்றிப் பிறர் நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லலாகாது. நடுகற்களுக்குப் பேர்பெற்ற இம்மாவட்டத்தில் வயல்வரப்பில் கிடக்கும் உடைந்த கல்லும், இல்லத்துப் பரணில் துணி சுற்றி வைத்திருக்கும் அரபுத்தமிழ் ஏடும் இச்சட்டத்தின் காவலில் உள்ளவை. பாட்டனாரின் ஏடு என் சொத்துத்தானே எனலாம். வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. நாட்டைவிட்டுக் கொண்டுசெல்லும் உரிமை இல்லை. ஆனால் ஏட்டை ஒளிப்படம் எடுத்துப் படியைக் கொண்டுசென்றால் ஆய்வும் நடைபெறும், ஏடும் ஊரிலேயே இருக்கும்.

பயணத்துக்கு முன் செய்யத்தக்கன

மேற்கண்ட செய்திகளைத் தொகுத்து, அயல்நாடு செல்லும் மாணவர் கைக்கொள்ளத்தக்க நடைமுறைகளை இவ்வாறு வகுக்கலாம்.

ஒன்று: எடுத்துச் செல்லும் கருவி, மாதிரி, மென்பொருள், கோப்பு ஆகியவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதுக. ஒவ்வொன்றன் எதிரிலும், எங்கிருந்து வந்தது, எவருக்கு உரியது என்பதைக் குறிக்க. பட்டியல் எழுதும்போதே ஐயத்துக்குரியவை தாமே புலப்படும்.

இரண்டு: ஐயத்துக்குரியவற்றை ஸ்கோமெட் பட்டியலோடு ஒப்பிடுக. தாமே முடிவு செய்ய இயலாதாயின் ஆய்வு வழிகாட்டியையும் நிறுவனத்தின் பொறுப்பு அலுவலரையும் வினவுக. வாய்மொழி விடையோடு அமையாது எழுத்தில் பெறுக.

மூன்று: அனுமதி தேவையெனில் பயணத்துக்கு வெகுநாள் முன்னரே விண்ணப்பிக்க. பல துறைகளைச் சேர்ந்தோர் கூடி ஆராய்ந்து முடிவெடுப்பதால் காலம் பிடிக்கும்.

நான்கு: தேவையற்றதை எடுத்துச் செல்லற்க. ஐந்தாண்டு ஆய்வு முழுவதும் அடங்கிய கணினிக்கு மாற்றாக, உரைக்குரிய கோப்பு மட்டும் கொண்ட கணினியை எடுத்துச் செல்லுதல் நலம். இல்லாத கோப்பு எவர் கையிலும் சிக்காது.

ஐந்து: தொழில்துறைக்காகவோ பாதுகாப்புத் துறைக்காகவோ செய்த ஆய்வாயின், ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டபோது ஏற்றுக்கொண்ட கட்டுப்பாடுகளை மீண்டும் படிக்க.

ஆறு: அயல்நாட்டில் உரையாடும்போது வெளியிட்டவற்றைத் தயங்காது விளக்குக. வெளியிடாத செய்முறை நுணுக்கத்தை எவரேனும் கேட்பின், என் நிறுவனத்தைக் கேட்டுச் சொல்கின்றேன் எனப் பணிவுடன் கூறுக. இவ்விடையை எந்த நல்ல அறிஞரும் தவறாகக் கொள்ளார்.

முடிவுரை

மைசூர் ஏவுகணை ஊல்விச்சுக்குச் சென்றபோது, அதனை உருவாக்கிய கைவினைஞரின் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. காங்கிரீவின் பெயர் நின்றது. அவர்தம் பெயர் மறைந்தது. அறிவு எல்லை கடப்பதில் தவறில்லை. கடக்கும்போது அது எவருடையது, எவருக்குச் செல்கின்றது, எதற்குப் பயன்படும் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை இருத்தல் வேண்டும். ஏற்றுமதி நெறிகள் யாவும் இம்மூன்று வினாக்களின் விரிவே ஆகும்.

ஆய்வகம் நம்மிடம் ஒப்படைத்த கருவியும், உழவர் தந்த விதையும், முன்னோர் விட்டுச்சென்ற ஏடும் நம்மை நம்பி வைத்த அமானிதங்கள். அவற்றைப் பெட்டியில் இடுமுன் ஒருமுறை கேட்டறிதல் அச்சத்தின் அடையாளமன்று, பொறுப்பின் அடையாளம். அவ்வாறு கேட்டறிந்து, எழுத்துச் சான்றுடன் விமானமேறும் நம் மாவட்டத்து மாணவர், எந்நாட்டுச் சுங்க மேசையின் முன்னும் தலைநிமிர்ந்து நிற்கலாம். கற்று முடித்து அவ்வாறே தலைநிமிர்ந்து ஊர் திரும்பலாம்.